அண்ணாவுக்கு, ரோலர் அண்ணா எழுதிக்கொண்டது

மரியாதைக்குரிய அண்ணா அவர்களுக்கு,

தங்கை வணங்கி எழுதுவது. இங்கே நானும் மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகம். பிரிண்டர் மட்டும் சுகமில்லை. அங்கே தாங்களும் அண்ணியும், மாப்பிள்ளை தன் ஆபீஸில் கழித்துவிட்டதை நம் இரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தாரே, அதில் தங்கள் பங்குக்கு வந்த பிரிண்டரும் நலம்தானா என்று அறிய ஆவல். என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதற வேண்டாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் வாயைத் திறப்பதற்குள் தாங்கள் "சரி சரி, வெச்சிடட்டுமா?" என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் வைத்தும் விடுகிறீர்கள். கடிதத்தில் அந்த வசதி கிடையாது.

விஷயம் இதுதான். எனக்கென்று ஓர் இடம் இருக்கிறது, அது கைவிட்டுப் போய்விடும் போலிருக்கிறது. இடம் என்றால் வீடு வாசல் இல்லை, இன்டர்நெட்டில் ஒரு மன்றம். நம் வீட்டில் இருக்கிற இந்த ரக பிரிண்டரைச் செய்த கம்பெனி அதைத் தலைமுழுகிவிட்டது. அதனால் நாலு பேர் சேர்ந்து, அது இப்போதைய கம்ப்யூட்டரில் ஓடுவதற்கான புரோகிராமைத் தாங்களே எழுதி எல்லாருக்கும் சும்மா கொடுக்கிறார்கள். சந்தேகம் கேட்கிறவர்கள் கேட்பார்கள், தெரிந்தவர்கள் சொல்வார்கள். மகள் கழித்துப் போட்ட டேப்லெட்டில் எதையோ தேடப் போய் நான் அங்கே நுழைந்தேன். ஒருத்தர் பேப்பர் உள்ளே போகவே மாட்டேன் என்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்தார். பெரிய படிப்புக்காரர்கள் எல்லாம் புரோகிராமைக் குடைந்துகொண்டிருந்தார்கள். பேப்பரை இழுக்கிற ரோலரைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள் என்று ஒரு வரி போட்டேன். பேப்பர் போய்விட்டது. நான் ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஆபீஸில் நகல் எடுக்கிற காப்பி செக்‌ஷனில் மெஷினோடுதான் குடித்தனம் நடத்தினேன் என்று தங்களுக்குத் தெரியும். தெரியும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் தாங்கள் இன்றைக்கும் அதை 'மெஷின் துடைக்கிற உத்தியோகம்' என்றுதான் அண்ணி வீட்டாரிடம் சொல்கிறீர்கள்.

மன்றத்தில் நான் வைத்துக்கொண்ட பெயர் ரோலர். படமும் ரோலர்தான். பேப்பர் போனதும் அந்த மனிதர் "நன்றி ரோலர் அண்ணா" என்று எழுதினார். ஐயையோ நான் அண்ணா இல்லையே என்று திருத்தப் போனேன், அதற்குள் இன்னொருத்தர் "அண்ணா, எனக்கும் ஒரு சந்தேகம்" என்று வந்துவிட்டார். அவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருத்தர். திருத்த நேரமே வாய்க்கவில்லை என்று எழுதத்தான் ஆசை, ஆனால் தங்களிடம் என்ன மறைப்பது, எனக்கு அது பிடித்துப் போய்விட்டது. வீட்டில் எனக்கு அந்தப் பிரிண்டரைத் தொட அனுமதி கிடையாது. ஒரு தடவை சாப்பாட்டு மேஜையில் அதைப் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டினேன். ஒரு ஸ்பிரிங் மிச்சமாகிவிட்டது. ஸ்பிரிங் இல்லாமல் அது முன்னைவிட நன்றாகத்தான் ஓடியது, ஆனால் மாப்பிள்ளை அந்த ஸ்பிரிங்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் டப்பா எனக்கு எட்டாத பீரோ உச்சியில்.

மன்றத்தில் அப்படி இல்லை. அங்கே நான் சொன்னால் சொன்னதுதான். மைக்கறை என்று ஒருத்தர் இருக்கிறார், பேருக்கேற்ற மனுஷன். புது கார்ட்ரிட்ஜ் வாயில் ஒட்டியிருக்கிற டேப்பைப் பிரிக்காமல் அப்படியே போட்டுவிட்டு மை வரலை, மை வரலை என்று அழுவார். எத்தனை தரம் சொன்னாலும் அடுத்த தரமும் அதேதான். நன்றாகத் திட்டியிருக்கிறேன். "சரிங்கண்ணா, இனிமே பாத்துக்கறேங்கண்ணா" என்பார். அந்தப் பணிவு நம் குடும்பத்து ஆம்பளைகளில் ஒருத்தருக்காவது இருக்கக்கூடாதா என்று நினைத்துக்கொள்வேன். தங்களைச் சொல்லவில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் கத்தரி வந்து சேர்ந்தது. கத்தரிக்கோல் படம் வைத்திருக்கிற நிர்வாகி, அதனால் அந்தப் பெயர். ஆணா பெண்ணா தெரியாது, கேட்கவும் கூடாது. இனி மன்றத்தில் யார் மனமும் புண்படாத சொற்களைத்தான் எழுத வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. நல்லதுதானே அண்ணா? கம்ப்யூட்டர்காரர்கள் ஒரு மெஷினுக்கு எஜமான் என்றும் அது சொன்னபடி கேட்கிற இன்னொன்றுக்கு அடிமை என்றும் பெயர் வைத்திருந்தார்களாம், கேட்கவே நன்றாக இல்லை. மாற்றினார்கள், நானும் கை தட்டினேன். நானே பேப்பரை இழுத்து இழுத்துத் தள்ளுகிற பிரிண்டரை 'நொண்டி' என்று எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் புரோகிராமில் பாதியை எழுதியவர் தனியாக ஒரு சேதி அனுப்பினார். "அண்ணா, நான் கோல் ஊன்றித்தான் நடக்கிறேன், அந்த வார்த்தை வந்தால் மேலே படிக்க ஓடவில்லை" என்று. எனக்குச் சுருக்கென்றது. அதற்கப்புறம் அந்த வார்த்தை என் கையில் வரவில்லை. இதற்கு ஒரு விதியும் தேவைப்படவில்லை என்று ஒரு கட்சி சொல்லும், விதி இருந்தால் அவர் எழுதி வெட்கப்படவே வேண்டியிருந்திருக்காது என்று இன்னொரு கட்சி சொல்லும். இரண்டும் சரியாகத்தான் படுகிறது, அதுதான் தொல்லை.

அப்புறம் ஒயருக்கு வந்தார்கள். ஆண் முனை, பெண் முனை என்று சொல்லக் கூடாதாம். சரி, நுழையும் முனை, ஏற்கும் முனை என்று வைத்தார்கள். அது முன்னதைவிட மோசமாக இருக்கிறது என்று பெரிய ரகளை. ரகளை நடுவில் ஒரு அப்பாவி வந்து, பிரிண்டர் பக்கம் எந்த முனையைச் சொருகுவது என்று கேட்டார். பதில் சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் இல்லை. சப்பையாக இருப்பது கம்ப்யூட்டருக்கு, சதுரமாக இருப்பது பிரிண்டருக்கு என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். போகும்போது அவர் "நன்றி அண்ணா" என்று சொல்லித் தொலைத்தார். பிடித்தது சனி.

'அண்ணா' கூடாதாம். அது எல்லாரையும் ஆண் என்று நினைத்துக்கொள்கிற வார்த்தையாம். ஒருவேளை நம் நடுவில் ஒரு பெண் இருந்தால் அவள் மனம் என்ன பாடுபடும் என்று கத்தரி கேட்டது. எதிர்க்கட்சிக்கு வெடி என்று ஒருவர் தலைவர், ஆச்சரியக்குறி இல்லாமல் அவருக்கு எழுதவே வராது. எந்தப் பெண் வந்து புகார் சொன்னாள், அப்படி ஒரு பெண் இருந்தால் சிரித்துவிட்டுத்தான் போவாள் என்று வெடி எழுதினார். அந்த ஒருவேளைப் பெண் இங்கே அடுப்படியில் பட்டாணி உரித்துக்கொண்டு ரெண்டு பேர் எழுதியதையும் படித்துக்கொண்டிருந்தாள். அவள் மனம் ஒரு பாடும் படவில்லை, சிரிக்கவும் இல்லை, யாராவது தன்னைக் கேட்க மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தர்கூடக் கேட்கலை அண்ணா. அன்னையிலேர்ந்து எல்லாரும் 'மதிப்பிற்குரிய உறுப்பினரே'ன்னுதான் சண்டை போடறாங்க. முன்னாடி 'போடா லூசு'ன்னு ஒரு வரியில முடிஞ்சது, இப்ப 'மதிப்பிற்குரிய உறுப்பினரின் புரிதல் திறன் குறித்துக் கவலை கொள்கிறேன்'னு ஒரு பக்கத்துக்குப் போகுது.

இதுக்கு நடுவுல நம்ம வீட்டுப் பிரிண்டர் பேப்பரை மென்னு விழுங்கிடுச்சு. பேத்திக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக ஏதோ படம் வேணும், அவ அழறா, மாப்பிள்ளை பிரிண்டரைத் தட்டறாரு. நான் போய், "மாப்பிள்ளை, பின்பக்க மூடியைத் திறந்து..."ன்னு ஆரம்பிச்சேன். "அத்தை, நீங்க தொடாதீங்க. மன்றத்துல அண்ணான்னு ஒருத்தர் இருக்காரு, அவரைக் கேக்கறேன்"ன்னுட்டாரு. நான் அடுப்படிக்கு வந்து டேப்லெட்டை எடுத்து, பின்பக்க மூடியைத் திறங்கன்னு பதில் போட்டேன். கூடத்துலேர்ந்து ஒரே குதூகலம். "பாத்தீங்களா அத்தை! நிமிஷத்துல பதில் சொல்லிட்டாரு. இந்த மாதிரி ஒரு மனுஷன் வீட்ல இருந்தா எப்படி இருக்கும்!" நான் பாட்டுக்குப் பட்டாணியை உரிச்சேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க?

அன்னைக்குத்தான் எனக்குப் பொறுக்கலை. போதும்டா சாமின்னு டேப்லெட்டை எடுத்து, ரெண்டு கட்சிக்கும் பொதுவா எழுதிட்டேன்: "ஐயா, நான் பொம்பளைங்க. எனக்காக யாரும் சண்டை போட வேணாம்." போட்ட மாத்திரத்துல காணோம்! கெட்ட வார்த்தை பிடிக்கறதுக்குன்னு கத்தரி ஒரு காவல்காரப் புரோகிராம் வெச்சிருக்கு. அது எனக்கு நோட்டீஸ் அனுப்புச்சு. என் பதிவுல பெண்களை இழிவா சொல்ற வார்த்தை இருக்குதாம், அதனால ஒரு வாரம் என் வாயை மூடிடுச்சாம். பொம்பளைன்னு நான் என்னைச் சொல்லிக்கிட்டா யாருக்கு இழிவு? நீங்களே சொல்லுங்க! அதைவிடக் கொடுமை, அழியறதுக்குள்ள சில பேர் படிச்சிட்டாங்க. பெண்களைக் கேலி பண்றதுக்காக அண்ணா இப்படி வேஷம் போட்டது வேதனையா இருக்குன்னு கத்தரி எழுதுச்சு. அண்ணா அடிச்ச ஜோக் மாதிரி உண்டான்னு வெடி எழுதினாரு, அதுக்கு நாலு ஆச்சரியக்குறி. ஜென்மப் பகையாளிங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட ஒரே விஷயம் நான் பொம்பளை இல்லைங்கறதுதான்.

இப்ப கடைசியா ஒரு விதி வந்திருக்கு. ஆளாளுக்குத் தன்னை எப்படிக் கூப்பிடணும்னு ஒரு பெட்டியில எழுதிடணும். எழுதினதை மத்தவங்க கண்டிப்பா மதிக்கணும், மீறினா பதிவு போயிடும். பெட்டியைக் காலியா விட்டா மன்றத்துக் கணக்கைப் பூட்டிடுவாங்க. என் ஒரு வாரம் இன்னைக்கு முடியுது. அண்ணான்னு எழுதினா பொய். உண்மையை எழுதினா? பயமா இருக்குண்ணா. அண்ணா சொன்னா மூடியைத் திறக்கறாங்க, அத்தை சொன்னா தொடாதேங்கறாங்க. அங்கேயும் அப்படி ஆயிட்டா எனக்குன்னு போய் உக்கார ஒரு இடம் இல்லை.

ஆகவே யோசித்து முடிவு செய்துவிட்டேன். மரியாதையோடு நானே விலகிவிடுகிறேன். கணக்கு பூட்டிக்கொள்ளட்டும். இனி பிரிண்டர் விஷயத்தில் ஒரு வார்த்தை பேசமாட்டேன். வயசான காலத்தில் பேத்தியைப் பார்த்துக்கொண்டு, தங்களைப் போன்ற பெரியவர்கள் சொல்படி நடப்பதுதான் எனக்கு அழகு. நல்ல முடிவு என்று தாங்கள் இரண்டு வரி எழுதினால் மனசு ஆறும். அண்ணிக்கு என் அன்பு. தங்கள் இருவருக்கும் ஆயுசும் ஆரோக்கியமும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். தங்கள் ஆசிக்குக் காத்திருக்கும்,

தங்கை.

பின்குறிப்பு: கவரை ஒட்டறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தரம் பாத்துட்டு வரலாம்னு மன்றத்துக்குப் போனேன். மைக்கறை எழுதியிருந்தாரு. "அண்ணா, நீங்க இல்லாம கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு. மறுபடி மை வரலை. எங்க வீட்ல இதெல்லாம் யாருக்கும் தெரியாது. தங்கச்சி ஒருத்தி இருக்கா, ஆபீஸ்ல மெஷின் துடைச்சிக்கிட்டிருந்தவ, எதுக்கெடுத்தாலும் யோசனை சொல்ல வந்துடுவா, அவகிட்ட கேக்கவா முடியும்?" கூடவே பிரிண்டர் போட்டோ. போட்டோவுல பிரிண்டருக்குப் பின்னாடி நிலைக்கண்ணாடி. கண்ணாடியில இடுப்புல துண்டோட, கன்னமெல்லாம் மையோட, கையில போனோட நீ!

மாப்பிள்ளைதானே உனக்கும் அந்த அண்ணாவைப் பத்திச் சொன்னாரு? சிரிச்சு சிரிச்சு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அப்புறம் சிரிப்பு நின்ன பிறகும் தண்ணி நிக்கலை. இத்தனை நாளா என் பேச்சைக் கேட்டிருக்கியேண்ணா, ஒவ்வொரு தரமும் சரிங்கண்ணான்னு கேட்டிருக்கியே!

விலகறதாவது! பெட்டியில எழுதிட்டேன். 'அக்கா'ன்னு எழுதிட்டேன். எழுதிட்டு, பயத்துல டேப்லெட்டைக் கவுத்து வெச்சுட்டு ஒரு டீ போட்டுக் குடிச்சேன். திறந்து பாத்தா, கோல் ஊன்றுகிறவர் முதல் ஆளா, "அக்கா, ஒரு சந்தேகம்"னு வந்து நிக்கறாரு. வெடி ஆச்சரியக்குறி போடாம மன்னிப்பு கேட்டிருக்காரு. பொம்பளைங்கற வார்த்தையைக் காவல்காரன் லிஸ்ட்டுலேர்ந்து எடுத்துட்டதா கத்தரி சொல்லுது. கூடத்துலேர்ந்து மாப்பிள்ளை, "அத்தை, விஷயம் தெரியுமா? அந்த அண்ணா அக்காவாம்!"னு கத்திக்கிட்டே அடுப்படிக்கு வந்தவரு, என் கையில இருந்த டேப்லெட்டைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. போயி பீரோ மேல இருந்த ஸ்க்ரூடிரைவர் டப்பாவை எடுத்துட்டு வந்து பட்டாணிக்குப் பக்கத்துல வெச்சுட்டுப் போனாரு.

இந்தக் கடிதத்துல 'தாங்கள்'னு வர்ற இடத்தையெல்லாம் நீயே அடிச்சுக்கோ. மன்றத்து விதிப்படி இனிமே நீ என்னை அக்கான்னுதான் கூப்பிட்டாகணும். தங்கச்சின்னு எழுதினா கத்தரி வெட்டிடும், நான் தடுக்கமாட்டேன். போய் முதல்ல அந்த டேப்பைப் பிரி.