அசைந்தால் எரியும் கொலு

வாசகர்களே, நம்மிடையே ஒரு பிராணி உலவுகிறது. பேன்ட் போடும், பேப்பர் படிக்கும், காலையில் வாக்கிங் போகும். பார்த்தால் மனிதர் என்றே சொல்வீர்கள். ஆனால் காலி அறையில் விளக்கு எரிவதைக் கண்டுவிட்டால் அதன் கை தானாக ஸ்விட்சை நோக்கி நீளும். நான் வைத்த பெயர், வாட் சிக்கனர்.

முழு வளர்ச்சி பெற்ற ஒன்றைப் பார்க்க வேண்டுமா? திருவனந்தபுரம் வலியசாலைக்கு வந்து, தெருவிலேயே மங்கலான வீடு எது என்று கேளுங்கள். என் அடுத்த வீட்டு ஹரிநாராயணனிடம் கொண்டுவந்து விடுவார்கள். குண்டு பல்பைக் கழற்றி சி.எஃப்.எல். போட்டு, அதைக் கழற்றி எல்.இ.டி. போட்டு, ஒன்பது வாட், ஏழு வாட், ஐந்து வாட் என்று படிப்படியாக இறங்கி, சாம்பாரில் கிடப்பது கத்திரிக்காயா கரப்பானா என்பதைத் தின்றுதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலைக்குக் குடும்பத்தைக் கொண்டுவந்தவர். கேட்டால், "கண்ணுக்கு நல்லதாக்கும்" என்பார். யார் கண்ணுக்கு?

இந்த நவராத்திரிக்குக் கூடத்தில் புது பல்பு மாட்டினார். ஆள் அசைந்தால் எரியும். அசையாவிட்டால் ஒரு நிமிஷத்தில் அணையும். அவர் மனைவி பாகீரதி மாமி பல்பையும் கொலுப் படியையும் மாறி மாறிப் பார்த்தார். தெருக் கொலுப் போட்டியில் இந்த வருஷமாவது பரிசு வாங்க வேண்டும் என்று, மூன்று மாதம் மண் குழைத்து அனந்தசயனப் பெருமாளைச் செய்திருந்தார்.

"ஏன்னா, பொம்மை அசையுமா? கொலுவுக்கு மட்டும் சாதா பல்பு போடுங்கோளேன்."

"பொம்மைக்கு எதுக்குடி வெளிச்சம்? பாக்கறவா அசைஞ்சா மதி, அது போறும்."

நடுவர் சீதாலக்ஷ்மி வந்தார். கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஆடாமல் அசையாமல் தோடி பாடினார். கண்ணைத் திறந்தால் கூடம் கும்மிருட்டு.

"கரண்ட் போயிடுத்தா?"

"இல்லை மாமி, கையைத் தலைக்கு மேலே தூக்கித் தாளம் போடுங்கோ, கேட்டேளா!" என்றார் ஹரிநாராயணன்.

தூக்கினார். விளக்கு எரிந்தது, ராகம் அணைந்தது. கை ஓய்ந்ததும் மறுபடி இருட்டு. "பெருமாளைக் காணலையே, பாகீரதி" என்று சொல்லிவிட்டு நடுவர் பேனாவை மூடப் போனார். வேடிக்கை பார்க்கப் போயிருந்த எனக்கே பாவமாக இருந்தது.

பாகீரதி மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூஜை அறையிலிருந்து சாமரத்தைக் கொண்டுவந்து கணவர் கையில் திணித்தார்.

"பெருமாள் பக்கத்துல நில்லுங்கோ. வீசுங்கோ. நிறுத்தப்படாது!"

வீசினார். ஐந்து வாட் விளக்கை எரிய வைக்க எண்பது கிலோ மனிதர் ஒரு மணி நேரம் வியர்த்து வழிந்தார். பெருமாள் ஜொலித்தார். முதல் பரிசு! "சாமரம் வீசற பொம்மை தத்ரூபம்" என்று நடுவர் குறிப்பு வேறு எழுதியிருந்தார்.

செய்தி பரவி, மிச்ச நாளெல்லாம் கூட்டம் வந்தது, பொம்மையும் நின்றது. இப்போது அவர் வலது கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்குகிறது. போன வாரம் விசாரிக்கப் போனேன். "ஆனாலும் சார், அஞ்சே வாட்!" என்றார், இடது கையால் என் தலைக்கு மேலிருந்த விளக்கை அணைத்தபடி.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போது நடுவில் எழுந்துபோய்க் குளியலறை விளக்கை அணைத்துவிட்டு வந்தீர்களே, உள்ளிருந்து கத்துவது யார் என்று கொஞ்சம் பாருங்கள்.