கையெழுத்து போடாத மேற்கு நாடு

அண்டை நாடுகள் கைகோத்துக்கொண்டால் கொள்ளைநோயும் வராது, கலகமும் வராது என்பதை எங்கள் டாக்டர் இருபத்திரண்டு வருடமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். ஊசி போடத் தெரியாத டாக்டர். படித்து வாங்கிய பட்டம். அத்தனை வருடமும் அவர் காரை ஓட்டியவன் நான். ஒருநாள்கூட "ஏய் டிரைவர்" என்பதற்கு மேல் என்னைக் கூப்பிட்டதில்லை. இதை நான் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் பதவி காலியானது. நான்கு நாட்டுப் பிரதிநிதிகளைக் கூட்டி, ஒத்துழைப்பு உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கினால் பதவி டாக்டருக்கு என்று தேர்வுக் குழு சொல்லியிருந்தது. கூட்டத்தன்று மாலை நான்கு மணிக்குக் குழு வருகிறது. பிரதிநிதிகள் ஒருவரும் வரவில்லை. வருத்தம் தெரிவிப்பதில் மட்டும் நான்கு நாடுகளும் முழுமையாக ஒத்துழைத்திருந்தன.

காலி நாற்காலியில் கையில் கிடைத்த ஆளை உட்கார வைப்பது எங்கள் நிலையத்தின் நெடுநாள் வழக்கம். வாட்ச்மேன் வடக்கு நாடு ஆனார். தோட்டக்காரர் தெற்கு. டீ போடும் அக்கா கிழக்கு. நான் மேற்கு. ஆளுக்கொரு பெயர்ப்பலகை, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு மைக்.

"படிக்கவெல்லாம் வேணாம். கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார் டாக்டர்.

அக்கா படித்துவிட்டாள். "நோய் வந்தா மத்த நாட்டுக்கு உடனே சொல்லணும்னு போட்டிருக்கே? வடக்கு நாடு காலையிலேருந்து இருமிக்கிட்டிருக்கு. சொல்லிச்சா?"

வாட்ச்மேன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது எங்க உள்நாட்டு விவகாரம்."

"அப்ப இந்தப் பக்கம் பார்த்து இருமாதீங்கண்ணே. எல்லையை மூடியாச்சு." மேஜை குறுக்கே பைல்களைச் சுவராக அடுக்கி, முதலுதவிப் பெட்டியையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அது பொதுச்சொத்து!" தோட்டக்காரர் மைக்கில் கத்தினார். மைக் அவருக்குப் புதிது. "பெட்டியைக் குடுக்கலைன்னா தண்ணிக் குழாயை அடைச்சிடுவேன். அப்புறம் நீ எப்படி டீ போடுறேன்னு பார்க்கறேன்!"

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே முக்கால். என்னிடம் ஓடிவந்தார். "ஏய் டிரைவர், நீயாவது போடு. உன்னைப் பார்த்து மத்தவங்களும் போட்டுடுவாங்க."

நான் பெயர்ப்பலகையைத் தட்டிக் காட்டினேன்.

அவர் கைகூப்பினார். "மேற்கு நாட்டின் மாண்புமிகு பிரதிநிதி அவர்களே..."

காது குளிர்ந்துவிட்டது. "சரியா கேக்கல. மைக்ல சொல்லுங்க."

அவர் மைக்கில் சொல்லி முடித்தபோது வாசலில் தேர்வுக் குழு நின்றிருந்தது.

"எத்தனை கையெழுத்து?" என்றார் குழுத் தலைவர்.

"ஒண்ணுகூட இல்லைங்க" என்றார் டாக்டர், அழாத குறையாக.

"அப்பாடா! வாங்கச் சொன்னது நாங்கதான். எங்க வாங்கித் தொலைச்சிடுவீங்களோன்னு பயந்துக்கிட்டே வந்தோம். நாலு பேரும் போட்டிருந்தா வேலை முடிஞ்சுதுன்னு நிலையத்தையே மூடியிருப்பாங்க. இந்தச் சண்டை இன்னும் இருபது வருஷம் தாங்கும்!"

அங்கேயே டாக்டரை இயக்குநர் ஆக்கினார். எல்லோரும் எல்லோரோடும் கைகுலுக்கினோம். அக்கா மட்டும் சுவருக்குப் பின்னாலிருந்து கும்பிட்டாள்.

மூன்றாம் நாள் புதிய இயக்குநர், தேர்வுக் குழு, தோட்டக்காரர், நான் எல்லோரும் காய்ச்சலில் படுத்துவிட்டோம். என் வீட்டுக்காரிக்கும் தொற்றிவிட்டது. நேற்று அக்கா போன் செய்தாள்.

"டிரைவரண்ணே, மாத்திரை நிறைய இருக்கு. வேணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அனுப்பிடறேன்."

"வேணும்னு சொல்லித் தொலைங்களேன்" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து முனகினாள் என் மனைவி.

உடம்பு அனலாய்க் கொதித்தது. ஆனாலும் என்னை மாண்புமிகு என்று அழைத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"மேற்கு நாடு பரிசீலிக்கும்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.