புள்ளி வைக்கும்போது பேசக் கூடாது

மயிலாப்பூர் சித்திரக்குளத்துப் பக்கம் ஒரு சந்தில் குடியிருந்த ஓவியர் முருகையன், ஒரு திங்கட்கிழமை காலை மகத்தான தீர்மானம் ஒன்றுக்கு வந்தார். தம் வீட்டில் ஒரு வாரம் பூரண நிசப்தம் நிலவச் செய்வது! வெள்ளைக்காரன் நடத்துகிற யுத்தத்தை நிறுத்துவதுகூட அதைவிடச் சுலபம். அவர் மனைவி சுந்தரவல்லி கண் விழித்தால் பேச ஆரம்பிப்பாள், பாய் விரிக்கிறவரை பேசுவாள். பால்காரனைப் பற்றிப் பேசுவாள், பல்லியைப் பற்றிப் பேசுவாள், பதில் வராவிட்டால் அதைப் பற்றியும் பேசுவாள்.

இந்தத் தீர்மானத்துக்கு வழி திறந்துவிட்டவர் பத்திரிகை ஆசிரியர் தங்கவேல். யுத்தக் காலத்துக் காகிதத்தில் போட்டோ அச்சடித்தால் மகாலட்சுமியும் கரிமூட்டையும் ஒன்றாகத்தான் தெரிந்தார்கள். அதனால் தீபாவளி மலருக்குக் கறுப்பு மையில், கோடே இல்லாமல், வெறும் புள்ளிகளாக வைத்து ஒரு பெண் முகம் வரையச் சொல்லியிருந்தார்.

"சனிக்கிழமை படம் கைக்கு வந்தாகணும். வராட்டி உமக்குப் பழையபடி கூந்தல் தைல விளம்பரம்தான்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

வருஷக்கணக்காகத் தைலக் கம்பெனிக்கு ஜடை ஜடையாக வரைந்து வரைந்து, பெண்களுக்கு முகம் என்று ஒன்று உண்டு என்பதே முருகையனுக்கு மறந்துபோயிருந்தது. ஆகவே மனைவியை ஜன்னலோரம் மணையில் உட்காரவைத்தார். மூர்மார்க்கெட்டில் வாங்கிய பழைய சித்திரப் புஸ்தகத்தை விரித்தார்.

"இதைப் பார். நானூறு வருஷத்துக்கு முந்தி இத்தாலி தேசத்திலே ஒருத்தன், செப்புத் தகட்டைப் பொட்டுப் பொட்டாகவே குத்தி மனுஷ உடம்பைக் கொண்டுவந்தான். கோடு வேண்டாம், நிழலே போதும்னு!"

"அம்மாடி! கை வலிச்சிருக்காது?"

"பிரெஞ்சுக்காரன் ஒருத்தன் சுவர் அகலத் துணியிலே கலர் கலரா புள்ளி வச்சான். கிட்டப் போனா வெறும் பொடி. தள்ளி நின்னா ஆத்தங்கரை, குடை பிடிச்ச சீமாட்டிங்க, நாய்க்குட்டி, எல்லாம் இருக்கும்!"

"நாய்க்குட்டிகூடவா!" சுந்தரவல்லி நிஜமாகவே வாயைப் பிளந்தாள்.

"நம்ம மொகலாயச் சித்திரக்காரங்க அணில் முடியிலே தூரிகை கட்டி, கன்னத்துச் சிவப்பைக் கண்ணுக்குத் தெரியாத புள்ளியா வச்சாங்க." இதுவரை அவர் சொன்னதெல்லாம் புஸ்தகத்தில் இருந்தது. அடுத்தது அவர் சொந்தச் சரக்கு. "இதோ படத்திலே இருக்காளே, இந்த ராணி மூணு மாசம் வாயே திறக்கலை, தெரியுமா? அசையவும் இல்லை. வாய் அசைஞ்சா கன்னம் அசையும். கன்னம் அசைஞ்சா நிழல் ஓடும். நிழல் ஓடிச்சுன்னா புள்ளியெல்லாம் பாழ்!"

சுந்தரவல்லி புஸ்தகத்து ராணியை வெகுநேரம் பார்த்தாள்.

"ஏங்க, அந்த ராணிக்கு யார் சமைச்சுப் போட்டா?"

"அரண்மனையிலே ஆளா இல்லை? யாரோ போட்டிருப்பாங்க."

"சரி" என்றாள். படம் முடிகிறவரை அதுதான் அவள் பேசிய கடைசி வார்த்தை.

ஆஹா, என்ன அமைதி! முருகையன் பேனாவை மையில் தொட்டுத் தொட்டு வைத்தார். பல்லி கத்துவது கேட்டது. தெருவில் யாரோ தும்முவது கேட்டது. இல்லறத்தில் இவ்வளவு இன்பம் உண்டா என்று அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மத்தியானம் ஆனதும் பசியும் வந்தது.

"வல்லி, எழுந்து உலை வையேன்."

அவள் அசையவில்லை. ஒரே ஒரு விரல் மட்டும் மெள்ள எழுந்து புஸ்தகத்து ராணியைக் காட்டியது. பிறகு முருகையனைக் காட்டியது. பிறகு அடுப்பைக் காட்டியது.

முருகையன் உலை வைத்தார். மறுநாள் அந்த விரல் குடத்தைக் காட்டியது. குழாயடியில் பக்கத்து வீட்டு ஜைதூன் பீ அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா நைனா, நீ கொடத்தத் தூக்கினு வந்துகீறே? வூட்ல தங்கச்சிக்கு ஒடம்பு சொகமில்லியா?"

"படத்துக்கு உட்கார்ந்திருக்கா. அசையக் கூடாது."

"அடி ஆத்தே! நம்ம வூட்டு ஆளும் கீறாரே, ஒரு நாளாவது என்னக் குந்தவச்சிப் படம் எயுதுனாரா?" என்று அவள் மற்றப் பெண்களைப் பார்த்துச் சொல்ல, குழாயடியே சிரித்தது. அவர் குடத்தை நிரப்புவதற்குள் பாதித் தண்ணீர் வேட்டியில் இருந்தது.

அப்புறம் ரேஷன் கடை. அரிசிக்கு ஒரு நாள், மண்ணெண்ணெய்க்கு ஒரு நாள், சர்க்கரை வந்திருக்கிறது என்ற வதந்திக்கு ஒரு நாள் என்று காலை முழுக்க க்யூவில் நின்றார். திரும்பி வந்தால் சுந்தரவல்லி போட்டது போட்டபடி மணைமேல் இருப்பாள், கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு.

இத்தனை அல்லலிலும் படம் வளர்ந்தது. அதுதான் அதிசயம்! கிட்டப் பார்த்தால் எறும்பு மொய்த்த காகிதம். நாலடி தள்ளி நின்றால் சுந்தரவல்லியின் நெற்றி, மூக்குத்தியின் மினுக்கு, காதோரத்துச் சுருள். 'இதையெல்லாம் எப்போது வைத்தேன்?' என்று அவருக்கே திகைப்பாக இருக்கும். 'கை தானாக ஓடுகிறது! கலை என்றால் இதுதான்!' என்று தம் முதுகைத் தாமே தட்டிக்கொள்வார்.

வாய் மட்டும் வரவில்லை. மூடிய உதட்டை எப்படி வைத்தாலும் தபால்தலை ராஜா மாதிரி உம்மென்றுதான் வந்தது. வெள்ளிக்கிழமை காலை, கூந்தல் தைலம் கண்ணெதிரே சொட்டச் சொட்ட, நொந்துபோய்ப் பையை எடுத்துக்கொண்டு க்யூவுக்குப் போனார்.

திரும்பி வந்து படத்தைப் பார்த்தவர் பையைக் கீழே போட்டுவிட்டார்.

உதட்டோரத்தில் ஒரு சிட்டிகை நிழல். எள்ளைவிடச் சின்னப் புள்ளிகள், நெருங்கி நெருங்கி வந்து, கன்னத்தில் கரைந்து போயிருந்தன. படம் சிரித்தது. பல் தெரியாமல், ஏதோ ஒரு விஷயம் தெரிந்த சிரிப்பு. முருகையனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. க்யூவுக்குக் கிளம்புகிற அவசரத்தில் தாமே வைத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, தம் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சனிக்கிழமை தங்கவேல் படத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"முருகையன், மத்ததெல்லாம் வேலை. இந்த உதட்டோரம் இருக்கே, இது உயிர்! எப்படியய்யா வச்சீர்?"

"எல்லாம் தவம்தான்" என்றார் முருகையன், அடக்கமாக.

"பொங்கல் மலருக்கு ஓர் உழவன் முகம். இதே கைதான் வேணும். வேற கை பட்டாலும் எனக்குத் தெரிஞ்சுடும், ஆமாம்!"

முருகையன் வீட்டுக்கு நடந்து வரவில்லை, பறந்து வந்தார். "முடிஞ்சுது வல்லி! நீ இனிமே பேசலாம்!"

"உதட்டோரத்தைப் பத்தி என்ன சொன்னாரு?"

முருகையன் நின்றார். "உதட்டோரமா? உனக்கு எப்படி..."

சுந்தரவல்லி முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மை படிந்து கறுத்திருந்தன.

"நீங்க க்யூவுக்குப் போனா லேசுல வர்றீங்களா? உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப் போச்சு. பேனா அங்கேயே கிடந்தது. மூக்குத்தியிலே கொஞ்சம் வச்சுப் பார்த்தேன். நீங்க கண்டுக்கலை. காதோரம் வச்சேன். அப்பவும் கண்டுக்கலை. நேத்து ஜன்னல்லே எட்டிப் பார்த்தேன், நீங்க பையும் கையுமா ஜைதூன் அக்காகிட்டே மாட்டிக்கிட்டு முழிச்சீங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கண்ணாடியிலே அதைப் பார்த்துப் பார்த்து அப்படியே வச்சுட்டேன்."

"பொய்!" என்றார் முருகையன்.

அவள் ஒரு துண்டுக் காகிதத்தை இழுத்தாள். பேனா கொத்தியது. கோழி தவிட்டைக் கொத்துகிற வேகம். ஒன்றுமே இல்லாத வெள்ளையில் நிழல் ஊறியது, நிழலிலிருந்து மீசை எழுந்தது. அது முருகையனின் மீசை! இடது பக்கம் சற்றுத் தொங்குகிற, அவர் யாரிடமும் ஒப்புக்கொள்ளாத அதே மீசை. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கோபம் வரவில்லை. கோவிலில் திரை விலகும்போது செய்கிற மாதிரி, தம்மை அறியாமல் கைகளைக் கூப்பினார்.

"வல்லி, பொங்கல் மலருக்கு உழவன் முகம் கேட்கிறார். இதே கைதான் வேணுமாம்" என்றார், தாழ்மையாக.

"வச்சுட்டாப் போச்சு. உங்க மூஞ்சியே போதும், தலைப்பாகை கட்டிக்குங்க. ஆனா ஒண்ணு, வாய் அசைஞ்சா கன்னம் அசையும். புள்ளி முடியறவரைக்கும் பேசக் கூடாது."

முருகையனுக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை பிறந்தது. ஆவலோடு மணையை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி! அசையவும் கூடாது, இல்லையா? அப்போ சமையல்?"

"அதை முடிச்சுட்டு வந்து உட்காருங்க."