கபீர் மரைக்காயரின் முதல் கியர்

இந்தியா தன் பொருளாதாரக் கதவுகளை உலகத்துக்குத் திறந்துவிட்ட அந்த மகத்தான காலத்தில், அதிராம்பட்டினமும் தன் பங்குக்கு ஒரு கொட்டகைக் கதவைத் திறந்தது. நாடு திறந்த கதவு வழியாகக் குளிர்பானங்களும் கேபிள் டிவியும் உள்ளே வந்தன. அதிராம்பட்டினம் திறந்த கதவு வழியாக, சிவப்பு நிறத்தில், கூரையில்லாமல், இரண்டே இரண்டு இருக்கைகளுடன், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஓடக்கூடிய பழங்காலத்து இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்தது. 'ஓடக்கூடிய' என்ற சொல்லை வாசகர்கள் மரியாதையின் பொருட்டு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அதைக் கொண்டுவந்த பெருமகனார் அஹமது கபீர் மரைக்காயர். துபாயில் ஏ.சி. விற்கும் கம்பெனியில் உதவி மேலாளர். மற்றவர்கள் வளைகுடாவிலிருந்து கம்பளியும் அத்தரும் டேப் ரிக்கார்டரும் கொண்டுவந்தார்கள். கபீர் ஒருவர்தான் 'ரசனை' கொண்டுவந்தார். துபாயில் அவர் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு காலண்டர் தொங்கிக்கொண்டிருந்ததாம். அதில் இதே மாதிரி ஒரு சிவப்புக் கார். தினமும் அதில்தான் கண் விழிப்பாராம். இதைக் கேட்ட அவர் மனைவி கமருன்னிஸா, "என் போட்டோவும் ஒண்ணு அனுப்பியிருந்தேனே" என்றாள். அது பெட்டிக்குள் பத்திரமாக இருந்ததாகக் கபீர் தெரிவித்தார்.

கார் கிடைத்தது வலங்கைமான் பக்கத்து மிராசுதார் வீட்டில். தாத்தா வெள்ளைக்காரரிடம் வாங்கிய வண்டியை விதைநெல் மூட்டைகளுக்கு நடுவே நிறுத்தியிருந்தார்கள். பேரன் கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போகிற அவசரத்தில் நெல்லையும் காரையும் ஒரே நாளில் விற்றான். பண்ணையின் டிரைவர் வீரையன் அதை அதிராம்பட்டினம் வரை ஓட்டிவந்து நிறுத்திவிட்டு, வண்டி தங்கம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார். வழியெல்லாம் ஒரு முனகல்கூட இல்லை.

இரண்டு இருக்கை என்றதும் கமருன்னிஸாவுக்கு மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஒன்று அவருக்கு, இன்னொன்று எனக்கு. இவ்வளவு எளிதான கணக்கு அவள் கல்யாண வாழ்க்கையில் அதுவரை வந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில், எலி கடித்துப்போட்ட பழைய விரிப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, துபாயிலிருந்து அவர் எப்போதோ அனுப்பிய கார்பெட்டை எடுத்தாள். மிதித்தால் அழுக்காகிவிடும் என்பதால், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பீரோவுக்கு மேலேயே வைத்திருந்த கார்பெட் அது. அதைக் காருக்கு அளவாக வெட்டி, காலடியில் விரித்தாள். கோழி உட்கார்ந்தால் புதையும் கனம். கபீர் பார்த்துவிட்டு, இப்போதுதான் வண்டிக்கு ராஜகளை வந்திருக்கிறது என்றார்.

மறுநாள் முதல் கியர் விழவில்லை.

இஞ்சின் அணைந்திருக்கும்போது, தயிரில் கரண்டி இறங்குவதுபோல எல்லாக் கியரும் இறங்கின. இஞ்சினைப் போட்டால், கியர்க்கம்பியைத் தொட்டவுடனே வண்டி அலறியது. துபாயில் தானாகக் கியர் மாறும் வண்டியை மட்டுமே ஓட்டிப் பழகிய கபீர், கிளட்ச் பாதியில் நிற்பதை இங்கிலீஷ்காரனின் கம்பீரம் என்று புரிந்துகொண்டார்.

இப்படிப்பட்ட பிரச்சினைகளுக்கு நாகரிகமான சமுதாயம் என்ன செய்யுமோ அதையே அவரும் செய்தார். குழு அமைத்தார். 'கியர் சீரமைப்புக் குழு'வின் தலைவர் அவரேதான். தொழில்நுட்ப ஆலோசகர் சேக் தாவூது. ஜித்தா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், கிரேனுக்கும் கியர் உண்டு. செயலாளர் லூர்துராஜ் சார். பட்டுக்கோட்டையில் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், உராய்வு பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர். குழு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பிரியாணியோடு கூடுவது என்று முடிவானது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் லூர்துராஜ் சார் கறி தொடமாட்டார் என்பது தெரிந்ததும், மத நல்லிணக்கத்தை முன்னிட்டுக் கூட்டம் சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டது. பிரியாணி மாற்றப்படவில்லை.

குழுவின் முதல் தீர்மானம்: தகுதியற்ற எந்தக் கையும் வண்டியைத் தொடக் கூடாது. மெக்கானிக் முதலில் நேர்காணலில் தேற வேண்டும், பிறகுதான் காருக்கு அருகே வரலாம்.

டெல்டாவில் மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. பம்ப்செட்டும் பவர் டில்லரும் டிராக்டரும் பழுதாகாத நாள் ஏது? வந்தார்கள். லாரி மெக்கானிக் ஒருவர் கைலியில் வந்ததால் நிராகரிக்கப்பட்டார். ஒரத்தநாட்டிலிருந்து வந்த இன்னொருவர், இதில் கலப்பையை எங்கே மாட்டுவது என்று கேட்டதால் நிராகரிக்கப்பட்டார். மற்றவர்களின் குறையை லூர்துராஜ் சார் 'வெளிநாட்டு அனுபவம் போதாது' என்ற ஒரே வரியில் கனிவாக எழுதினார்.

கடைசியாக மயிலாடுதுறையிலிருந்து ஜெக்கரியா வந்தார். அறுவடை இயந்திரங்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். பஸ் காசும் சாப்பாடும் முதலிலேயே பேசிக்கொண்டுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். வெற்றிலை வாயில் இருந்தது, அடக்கம் எங்கும் இல்லை.

"ஸ்போர்ட்ஸ் கார்ல உங்க அனுபவம் என்ன?" என்றார் லூர்துராஜ் சார்.

"பல்சக்கரத்துக்கு அது இருக்குறது ஸ்போர்ட்ஸா சரக்கு வண்டியான்னு தெரியாதுங்க சார். என்னைய உள்ள உக்கார விடுங்க. கிளட்ச்ச ஒரு தடவ மிதிச்சுப் பாத்துட்டு சொல்றேன்."

சேக் தாவூது புன்னகைத்தார். ஆளை மடக்கியாகிவிட்டது. "தம்பி, கோளாறு கியர்ல. கிளட்ச்சுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

ஜெக்கரியா வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். "பல்லு வலிக்குதுன்னு வந்தவர வாயத் தெறங்கன்னா, வாய்க்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்ட மாதிரி இருக்கு பாய்."

'ஒழுங்கீனம்' என்று பதிவானது. ஜெக்கரியா பிரியாணியை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மயிலாடுதுறை போய்ச் சேர்ந்தார்.

அடுக்களைச் சன்னலுக்குப் பின்னால் தயிர்ப் பச்சடி கலக்கிக்கொண்டிருந்த கமருன்னிஸாவின் கை நின்றது. அன்று மதியம் குழு முழுவதும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, அவள் கொட்டகைக்குப் போய்க் காரில் உட்கார்ந்து கிளட்சை மிதித்தாள். பெடல் பாதி வழியில் கார்பெட்டின் மடிப்பில் மோதி நின்றது. ராஜகளை அங்கேதான் குவிந்து கிடந்தது.

கையை விட்டு இழுத்தால் தீர்ந்தது. விட்டாள், இழுக்கப்போனாள். அப்போதுதான் விசா ஞாபகம் வந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் கபீர் துபாய் திரும்பாவிட்டால் விசா காலாவதி. வண்டியை ஒரு தடவையாவது ஓட்டிப் பார்க்காமல் விமானம் ஏறமாட்டேன் என்று அவர் ஊரறியச் சொல்லியிருந்தார். ஆக, வண்டி படுத்துக்கிடக்கும்வரை மனுஷர் வீட்டில் இருப்பார். பெருநாள் வரை படுத்துக்கிடந்தால், வீட்டிலேயே இருப்பார்.

காலேஜில் படிக்கும் மகள் அனீஸா வாசலில் வந்து நின்றாள். "என்ன உம்மா பண்றீங்க?"

"கார்பெட்ட சரி பண்றேன்" என்றாள் கமருன்னிஸா. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தாள்.

அதன் பிறகு வந்தவை நல்ல நாட்கள். குழு ஆராய்ந்தது, கபீர் வீட்டில் இருந்தார். காலையில் மீன் வாங்கப் போய் ஏமாந்து வந்தார். மகள் கத்தரிக்காய் சாப்பிடமாட்டாள் என்பதைக் கண்டுபிடித்து எல்லோரிடமும் சொன்னார். ஒரு சாயங்காலம் கமருன்னிஸாவை ஓடாத காரில் பக்கத்தில் உட்காரவைத்து, வாயாலேயே இஞ்சின் சத்தம் போட்டு, மூன்றாவது கியரில் ராஜாமடம் வரை கூட்டிப்போனார். முக்காட்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு அவள் சிரித்தாள். கல்யாணமான முதல் வாரத்துக்குப் பிறகு இவ்வளவு தூரம் இருவரும் சேர்ந்து போனதில்லை.

ஆனால் ஆராய்ச்சி என்பது என்றாவது ஒரு முடிவுக்கு வந்துவிடும் ஆபத்து உடையது. பெருநாள் நெருங்கியபோது சேக் தாவூதின் மருமகன் ஷார்ஜாவிலிருந்து போன் செய்தான். அங்கே ஒரு வெள்ளைக்காரர் இதே காருக்குப் புது கியர்பாக்ஸே வைத்திருக்கிறாராம். குழு அவசரமாகக் கூடி ஏகமனதாகத் தீர்மானித்தது: தலைவர் துபாய் திரும்ப வேண்டும், இரண்டு வருடம் உழைக்க வேண்டும், கியர்பாக்ஸோடு வர வேண்டும். ஓட்டிப் பார்க்காமல் ஏறமாட்டேன் என்ற சபதம், பொதுநலன் கருதி ரத்து செய்யப்பட்டது.

கபீர் முகம் மலர அடுக்களைக்கு வந்தார். "கமரு, வழி பொறந்துடுச்சு."

"எதுக்கு?"

"வண்டிக்குத்தான். ரெண்டே வருஷம். கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள வந்துருவேன்."

கமருன்னிஸா அடுப்பைத் தணித்தாள். "நான் போகாதீங்கன்னு சொன்னா?"

"சின்னப்புள்ளையாட்டம் பேசாத. கியர் விழாத வண்டிய வீட்ல வச்சுக்கிட்டு ஊர்ல நான் எப்படித் தலைகாட்டுறது?"

தானே உள்ளே தள்ளிவைத்த ஒரு சாண் கம்பளம், புருஷனைக் கடல் தாண்டி அனுப்பப்போகிறது என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. அன்றிரவு பெட்டியில் அவர் சட்டைகளை அடுக்கிக் கொடுத்தாள். கபீர் அதை ஒத்துழைப்பு என்று எடுத்துக்கொண்டார்.

புறப்படுகிற காலையில் வாடகைக் கார் வாசலுக்கு வந்தது. வழியனுப்பக் குழுவும் வந்திருந்தது. கமருன்னிஸா வாடகைக் காரைத் திருப்பி அனுப்பினாள். நேரே கொட்டகைக்குப் போய், கார்பெட்டைக் கொத்தாகப் பிடுங்கித் தொழில்நுட்ப ஆலோசகரின் காலடியில் போட்டாள். ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்து இஞ்சினைப் போட்டாள். கிளட்ச் அடிவரை இறங்கியது. முதல் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. வண்டி கொட்டகையை விட்டு வெளியே வந்து, குழுவுக்கு முன்னால் நின்றது.

லூர்துராஜ் சார் பேனாவைத் திறந்தார், என்ன எழுதுவதென்று தெரியாமல் மூடினார்.

"கமரு, ஒனக்கு ஓட்டத் தெரியுமா?" என்றார் கபீர்.

அவள் தம்பி சிங்கப்பூர் போகும்போது விட்டுப்போன வேனை இத்தனை வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான். தெருவுக்கே தெரியும். அனீஸாதான் பதில் சொன்னாள்.

"வேன்ல ஸ்கூலுக்குப் போறேன்னு லெட்டர்ல எழுதுனேனே வாப்பா. வேன் தானாப் போகும்னா நெனச்சீங்க?"

"ஏறுங்க" என்றாள் கமருன்னிஸா. "ஃபிளைட்டுக்கு நேரமாகுது."

பட்டுக்கோட்டை தாண்டியது, ஒரத்தநாடு தாண்டியது. வழியில் ஓரிடத்தில் உளுந்துச் செடியைச் சாலையில் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகள் ஏறி மிதித்தால் மணி உதிரும் என்பது டெல்டாவின் இலவச இயந்திரமயமாக்கல். செடியைப் புரட்டிக்கொண்டிருந்த ராமாயி என்ற பெண்மணி, தரையோடு தவழ்ந்துவந்த சிவப்பு வண்டியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இது நன்றாக அரைக்கும்போலத் தெரிகிறதே, இன்னொரு தடவை ஏற்றிவிட்டுப் போங்கள் என்று கேட்டுக்கொண்டாள். கமருன்னிஸா பின்னால் எடுத்து, இன்னொரு தடவை ஏற்றினாள். ரிவர்ஸும் அழகாக விழுந்தது. கபீர் கண்ணை மூடிக்கொண்டார். உளுந்தங்காய் வெடிக்கும் ஒவ்வொரு சத்தமும் அவர் நெஞ்சுக்குள் கேட்டது.

திருச்சி விமான நிலையத்தின் முன்னால் வண்டியை நிறுத்தினாள். இஞ்சினை அணைக்கவில்லை. கபீர் பெட்டியோடு இறங்கினார். இறங்கியவர் நகரவில்லை.

"சாவியக் குடு."

"துபாய்ல வச்சு என்ன பண்ணப்போறீங்க?"

"இதுலயா ஊருக்குத் திரும்பப்போற?"

"பின்ன நடந்தா? நாளைக்கு மயிலாடுதுறை போறேன். அந்த ஜெக்கரியாகிட்ட ஒரு தடவ காட்டணும்."

"அந்த ஆளுகிட்டயா?" கபீரின் குரல் உடைந்தது. "வழியில உளுந்து கெடந்தா?"

"ஏத்தச் சொன்னா ஏத்துவேன். பாவம், அதுகளுக்கும் வேலை ஆகணுமில்ல."

உள்ளே விமானத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். கபீர் ஒரு முறை கண்ணாடிக் கதவைப் பார்த்தார், ஒரு முறை சிவப்புக் காரைப் பார்த்தார். பிறகு பெட்டியை இருக்கைக்குப் பின்னால் திணித்து, ஏறி உட்கார்ந்து, முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"மெதுவா எடு" என்றார்.

அவர் அதற்குப் பிறகு துபாய் போகவில்லை. பெருநாள் கழிந்த மறுவாரம் குழு அவருக்குப் பாராட்டுக் கூட்டம் நடத்திப் பொன்னாடை போர்த்தியது. வேலை, விசா, சம்பளம் எல்லாவற்றையும் உதறிவிட்டு, அன்புக்கு உரியதைப் பிரிய மனம் வராமல் விமான நிலைய வாசலிலிருந்தே திரும்பிவந்த ஒரே மனிதர் இந்த வட்டாரத்தில் இவர்தான் என்று லூர்துராஜ் சார் பேசினார். கண்கலங்காதவர்கள் இல்லை. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கமருன்னிஸாவும் கைதட்டினாள்.

பேசியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அனீஸா பிறந்தபோது அவரால் வர முடியவில்லை. பெற்ற தாய் மௌத்தானபோது வர முடியவில்லை. கமருன்னிஸா தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் தன் ஆபரேஷனுக்குத் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டு படுத்தபோதும் வர முடியவில்லை. அதற்காக அவரைக் குறை சொல்வது தவறு. அப்போதெல்லாம் வீட்டில் சிவப்புக் கார் இல்லை.