முகம் துடைத்த துண்டும் மூடப்பட்ட வால்வும்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர், தோல் மருத்துவர் அவர்களுக்கு,

இங்கு உங்கள் அக்காள் நலம், நான் இருக்கிறேன். அங்கு நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், எப்போதும் அப்படித்தானே. பதினோரு ஆண்டுகளுக்கு முன், "அத்தானுக்கு என்ன, குழாயத் திறந்து மூடுற வேலை" என்று நாலு பேர் முன்னால் நீங்கள் சொன்னதை நான் மறந்துவிட்டேன். அன்று வெள்ளிக்கிழமை, மாலை நாலரை மணி.

இப்போது எழுதுவது என் மகளுக்காக. இருபத்துமூன்று வயது, கன்னமும் தாடையும் முழுக்கப் பரு. நாளை, திங்கள் காலை ஒன்பது மணிக்கு, ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாகச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த வேலை பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போகமாட்டேன் என்கிறாள். "நாப்பது பசங்களும் போர்டையா பார்ப்பாங்க? என் மூஞ்சியத்தான் பார்ப்பாங்க" என்று அம்மாவிடம் சொன்னாளாம். என்னிடம் வியாழக்கிழமையிலிருந்து பேச்சே இல்லை. காரணம் நீங்கள்.

போன மாதம் அவள் உங்களிடம் தொலைபேசியில் ஆலோசனை கேட்டபோது ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் ஒட்டுக்கேட்கவில்லை. குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன, அவற்றின் சமநிலை குலைந்தால் உடம்பில் அழற்சி கூடலாம், அது முகத்திலும் தெரியலாம் என்றீர்கள். சரி, கொன்றுவிடலாமே என்று நினைத்தேன். இல்லை, நல்லவையும் உண்டு, அவற்றை வளர்க்க வேண்டும் என்றீர்கள். பருவோடு சம்பந்தப்பட்ட கிருமி தோலிலேயே குடியிருக்கிறது என்றீர்கள். ஆள் அகப்பட்டான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். உடனே, அதே கிருமி பரு இல்லாத முகத்திலும் இருக்கிறது, எந்த வகை, எவ்வளவு என்பதுதான் விஷயம் என்றீர்கள். தயிர் சாப்பிட்டால் போகுமா என்று அவள் கேட்டதற்கு, "சிலருக்குப் பலன் இருக்கலாம்மா, உறுதியாச் சொல்ல முடியாது" என்றீர்கள். மைத்துனரே, நான் வேதியியலில் முதுகலை. இருபத்தாறு ஆண்டுகளாகக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். கிருமி இருந்தால் குளோரின், இல்லாவிட்டால் கையெழுத்து. 'லாம்' என்று நாங்கள் அறிக்கை கொடுப்பதில்லை.

ஆகவே உண்மையை நானே கண்டுபிடிப்பதென்று, அவள் முகம் துடைத்த துண்டைக் கொஞ்சம் தண்ணீரில் அலசிப் பிழிந்து, ஒரு பாட்டிலில் பிடித்து, கிருமி வளர்க்கும் பெட்டியில் வைக்க அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். தண்ணீர் எடுத்த இடத்தின் முகவரி எழுதாத பாட்டில் அந்தப் பெட்டிக்குள் போகக்கூடாது என்பது எங்கள் கூடத்து விதி. அதை எழுதியவன் நான். எனவே ஒட்டுத்தாளில் என் வீட்டு முகவரியை எழுதி ஒட்டி உள்ளே வைத்தேன். மறுநாள் வியாழன், பல்வலிக்காக எனக்கு விடுப்பு. என்னிடம் பிப்பெட் பிடிக்கக் கற்றுக்கொண்டு, என் தலைக்கு மேல் பதவி உயர்வு பெற்ற அம்மையார், முடிவைப் பார்த்திருக்கிறார். விதிப்படி இரண்டு மணி நேரத்தில் எங்கள் தெருவின் வால்வை மூடிவிட்டு, மைக் கட்டிய வண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

"சார், எண்ண முடியாத அளவுக்குக் கிருமி! இந்தத் தண்ணியவா குடிச்சிட்டிருக்கீங்க?"

எதிர்வீட்டுத் தையற்காரர் வாளியோடு ஓடி வந்தார். "ஐயையோ, நாங்களும் அதத்தானே குடிச்சோம்!" அதுவரை நன்றாக இருந்த தன் வயிற்றை அவர் மனைவி பிடித்துக்கொண்டார்.

"பதறாதீங்க. அது குழாய்த் தண்ணியே இல்ல. என் பொண்ணு மூஞ்சி துடைச்ச துண்டப் பிழிஞ்ச தண்ணி. அவ பருவுக்கு எந்தக் கிருமி காரணம்னு பார்க்கத்தான்..." என்றேன்.

அம்மையார் கையிலிருந்த மைக் அணைக்கப்படவில்லை. தெருமுனை வரை கேட்டிருக்கிறது. மாடியில் மகளின் அறை ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

சரி, அவமானப்பட்டதற்கு அறிவாவது கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. பருவோடு சம்பந்தப்பட்ட கிருமி காற்றில்லாத இடத்தில்தான் நன்றாக வளருமாம், எங்கள் பெட்டிக்குள் எட்டிக்கூடப் பார்க்காதாம், பிறகுதான் படித்தேன். வளர்ந்தது யார் என்று தெரியவில்லை. அந்தத் துண்டில் நானும் முகம் துடைப்பதுண்டு, ஆகவே என்னுடையதாகவும் இருக்கக்கூடும். உங்கள் அக்காளோ, "தண்ணியில என்ன இருக்குன்னு இத்தன வருஷமாப் பார்க்கறீங்களே, அவ மனசுல என்ன இருக்குன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?" என்கிறாள். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். உள்ளிருந்து மின்விசிறிச் சத்தம்தான் வந்தது.

உங்களோடு தொலைபேசியில் பேசுவதில்லை என்ற என் முடிவில் மாற்றமில்லை. எனவே இதை நாளை ஐந்தரை மணி முதல் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒரு மணி நேரப் பயணம்தான். உடனே காரில் கிளம்பி வாருங்கள். குற்றவாளி குடலா தோலா என்று ஒரே வாக்கியத்தில் அவளிடம் சொல்லுங்கள். தெரியாவிட்டால் பொய்யாவது சொல்லுங்கள். அவள் வேலைக்குப் போனால் போதும், வேறொன்றும் வேண்டாம்.

உங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். பருவே இல்லாத முகத்தோடு வளர்ந்திருப்பதாகக் கேள்விப்படும் உங்கள் பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அக்காள் கணவன்

பின்குறிப்பு: திங்கள், காலை எட்டு மணி. முதல் பேருந்தைத் தவறவிட்டேன். நீங்கள் வர வேண்டாம். மேலே உள்ளதைப் படிக்கவும் வேண்டாம். இப்போதுதான் அவள் உடுத்திக்கொண்டு இறங்கி வந்தாள், ஒரு பூச்சும் இல்லாத முகத்தோடு. "ஸ்கூட்டர எடுங்கப்பா. மைக் வச்சுத் தெருவுக்கே சொல்லியாச்சு. இனிமே நாப்பது பசங்க பார்த்தா என்ன, பார்க்காட்டி என்ன?" என்றாள். இது பாராட்டா திட்டா என்று விளங்கவில்லை. வாசலில் ஹாரன் அடிக்கிறாள். ஹெல்மெட்டை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.