கோகரின் காதில் சிவப்புத் துணி

சாலுங் பள்ளத்தாக்கு,
பத்தாம் மாதம், வளர்பிறை ஒன்பது.

லாசா மாநகரில் நடைப்பயண ஏற்பாட்டாளராய்ப் பெயரும் தொப்பையும் வளர்த்துவரும் அன்பு மைத்துனன் பென்பாவுக்கு, உன் அத்தான் கொன்போ ரப்தென் எழுதிக்கொள்வது. மும்மணிகளின் கருணையால் இங்கே நானும் உன் அக்கா யூட்ரோனும் நலம். வாற்கோதுமை களஞ்சியம் ஏறிவிட்டது, வெண்ணெயைத் தோல்பையில் தைத்தாயிற்று, கூரைமேல் சாண வறட்டி ஆள் உயரம் நிற்கிறது. அங்கே உன் முழங்கால் வலியும் உன் வீட்டம்மாவின் சளியும் உன் வண்டியின் இருமலும் நீங்கி எல்லோரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டுகிறேன். மரியாதை முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இனிமேல் நடப்பதற்கென்று எந்த ஆளையும் என் வீட்டுக்கு அனுப்பாதே. வாங்குகிறவன் வரட்டும், விற்கிறவன் வரட்டும், மலையைச் சுற்றி விழுந்து கும்பிட்டுக்கொண்டு போகிறவன் வரட்டும், வழிதவறியவன்கூட வரட்டும், அடுப்படியில் இடம் கொடுத்து ஒரு கிண்ணம் கஞ்சி ஊற்றுவோம். நடப்பதற்காக நடக்கிறவன் மட்டும் வேண்டாம். போன மாதம் நீ அனுப்பினாயே ஓர் ஆள், யோஸ்ட் என்று, ஹாலந்துக்காரன், கதவு நிலையில் தலை இடிக்காமல் ஒருமுறைகூட உள்ளே வராதவன், அவனால் முப்பது வருஷமாக நான் காப்பாற்றிவந்த வாக்கு போயிற்று. அந்த வயிற்றெரிச்சலைத்தான் இங்கே கொட்டப் போகிறேன். ஒரு கிண்ணம் தேநீரை ஊற்றி வைத்துக்கொண்டு படி.

என் யாக் கோகரை உனக்குத் தெரியும். நெற்றி வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு, இடதுகொம்பு நுனி உடைந்தது. பதினெட்டு வயது ஆகிவிட்டது, பல் தேய்ந்துவிட்டது, இன்னொரு குளிர்காலம் தாங்குமா என்பதே சந்தேகம். வியாபாரி என்ன செய்வான்? வசந்தத்தில் கறிக்கடை இஸா வந்தபோது நானும் அவரும் ஒரே சட்டைக்கைக்குள் கையை விட்டு, யார் கண்ணிலும் படாமல் விரலை அழுத்தி விலை பேசி முடித்தோம். தரை உறைந்ததும் வந்து ஓட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. என் அப்பா எனக்கு விட்டுப்போனது ஒரு சேணமும் அதில் ஒரு ஓட்டையும்தான். இன்று எனக்கு இருபத்தொரு யாக்கும் இரண்டு கடையும் இருக்கிறதென்றால், சட்டைக்கைக்குள் கொடுத்த வாக்கை வெளியே வந்து மாற்றாதவன் என்று நாலு பள்ளத்தாக்கிலும் பெயர் இருப்பதால்தான். இதை மனதில் வைத்துக்கொள்.

இந்த நிலைமையில் உன் ஆள் வந்து இறங்கினான். கூடவே மொழிபெயர்க்க நீ அனுப்பிய சாம்டென், முப்பது வயதாகியும் மாடிப்படியைத் தவிர வேறெதையும் ஏறியிராதவன், கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைச் செருப்புமாக. ஆறு நாள் நடை, கர்போ கணவாய் ஏறி மேல்பள்ளத்தாக்கில் இறங்கித் திரும்ப வேண்டும் என்றார்கள். ஐந்து யாக் கட்டினேன். கோகர் முன்னால் போகாவிட்டால் மற்ற நாலும் வாசலைத் தாண்டாது, ஆகவே இதுதான் அதற்குக் கடைசி நடை என்று அதையும் கூட்டிக்கொண்டேன். யோஸ்ட் தன் மூட்டையை முற்றத்தில் பரப்பிக் காட்டினான். எடை குறைக்கப் பல்துலக்கியின் கைப்பிடியைப் பாதியில் அறுத்து வைத்திருந்தான், பென்பா, சத்தியமாகச் சொல்கிறேன், ஆனால் உட்கார ஒரு நாற்காலி கொண்டுவந்திருந்தான். காற்றடிக்கும் மெத்தை, நெருப்பில்லாமல் கொதிக்கும் பொடிச்சோறு, குளிருக்கு மூன்று உறை, அதற்கு மேல் ஓர் உறை, எல்லாம் நீலமும் ஆரஞ்சும், வழுவழுவென்று, நம் ஆட்டுக் கம்பளியில் நெய்தது ஒரு முழம் கிடையாது.

வழியெல்லாம் எனக்கு அவமானம். ஐந்து யாக் சுமையோடு கொன்போ வருகிறான் என்றால் சும்மாவா, ஒவ்வொரு குடியிருப்பிலும் பெண்கள் ஓடிவந்து, ஊசி இருக்கா, தேயிலைக் கட்டி இருக்கா, பிள்ளைக்குச் செருப்பு இருக்கா என்று சுமையைத் தட்டிப் பார்க்கிறார்கள். சரக்கு இல்லை என்றேன். மேல்பள்ளத்தாக்குக் கிழவர் லோட்ரோ நம்பவே இல்லை.

"மறைக்காத கொன்போ. அந்த நெட்டையன் என்ன விக்கிறான்?"

"ஒண்ணும் விக்கலைண்ணே."

"அப்ப என்ன வாங்கறான்?"

"ஒண்ணும் வாங்கலை."

"கோயிலுக்கா போறான்?"

"இல்ல. சும்மா நடக்கறான்."

கிழவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரையாவது கொன்னுட்டு வந்திருப்பான். எதுக்கும் கத்தியைப் பக்கத்துல வச்சுக்க."

சுமையை ஏற்றிக்கொண்டு கணவாய் ஏறி, அதே சுமையை இறக்காமல் திரும்பிக் கொண்டுவந்த முதல் வியாபாரி நான்தான். சரியாகச் சொன்னால் அதே சுமைகூட இல்லை. பல்துலக்கியை அறுத்த அந்த மகராசன் ஆற்றங்கரையில் கல் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டே வந்தான். என் கோகர் அவன் நாட்டுக்குக் கல் சுமந்தது! தூரம் கேட்டால், மூன்று தேநீர் என்பேன். மூன்று கிண்ணம் குடிக்கிற நேரம் நடந்தால் வந்துவிடும், அதற்கு மேல் என்ன வேண்டும்? அவன் கையிலிருந்த பெட்டியைப் பார்த்துப் பதினாலே கால் என்பான். பதினாலே கால் எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் கால் எங்கே இருக்கிறது என்று தேடி, வந்துசேர்ந்த இடத்திலிருந்து மறுபடி கொஞ்சம் திரும்பி நடந்துவிட்டு வந்தான்.

மூன்றாம் நாள் மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய சுவர் வந்தது. வலமாகத்தான் போக வேண்டும் என்று நம் ஊர்க் கன்றுக்குட்டிக்குத் தெரியும். யோஸ்ட் கோகரின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடமாகப் போனான், அந்தப் பக்கம் வெளிச்சம் நன்றாக இருந்ததாம். கோகர் நின்றது. இழுத்தான். கோகர் அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வலமாகப் போயிற்று, போனதோடு விடாமல் சுவரை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து விட்டது. அவன் அப்பா அம்மா தேடித்தராத புண்ணியம், கயிற்று நுனியில் அவனுக்குக் கிடைத்தது. சாம்டென் கேட்டான், "மாமா, இந்தச் சுத்துக்கு அவர்கிட்ட தனியா காசு வாங்கலாமா?" உன் ஆள் அல்லவா!

நாலாம் நாள் கணவாய் உச்சி. மந்திரக்கொடி கட்டி, வெற்றி தேவர்களுக்கே என்று மூன்று முறை கத்தி முடிப்பதற்குள் மூடுபனி இறங்கி, பின்னாலேயே பனி கொட்ட ஆரம்பித்தது. கண்ணுக்கு முன்னால் நீட்டிய கை தெரியவில்லை. சாம்டென் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டு அழுதான், தொலைபேசியில்கூட இல்லை, வெறும் வாயால். யோஸ்ட் பெட்டியைப் பார்த்துவிட்டு வலப்பக்கம் பாதை இருக்கிறது என்று கை காட்டினான். வலப்பக்கம் பாதை இல்லை, பனி விளிம்பு, அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. நான் கத்தினேன், காற்றில் என் காதுக்கே கேட்கவில்லை. அவன் இரண்டு எட்டு வைத்தபோது கோகர் போய்க் குறுக்கே நின்றது. தள்ளினான். மலையைத் தள்ளலாம், கோகரைத் தள்ள முடியாது. பிறகு அது மூக்கைத் தாழ்த்திப் பனியை முகர்ந்துகொண்டு இடப்பக்கம் இறங்க, மற்ற நாலு யாக்கும் பின்னால், அவற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு நாங்கள் மூவரும் பின்னால், ஆட்டுப்பட்டி வரை அப்படியே வந்து சேர்ந்தோம். பட்டியில் வைத்து யோஸ்ட் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். எனக்குச் சிரிப்பாக வந்தது. பதினைந்து வருஷமாக அது செய்கிற வேலை அது. இதுவரை யாரும் அதைக் கட்டிக்கொண்டதில்லை.

ஊர் திரும்பியதும் ஆரம்பித்தது வினை. இந்த யாக்கை இனி என்ன செய்வீர்கள் என்று கேட்டான். சாம்டென் ஒளிவுமறைவில்லாமல் சொல்லித் தொலைத்தான்.

"இவ்வளவு செஞ்ச ஜீவனை வெட்டவா குடுப்பீங்கன்னு கேக்கறார், மாமா."

"அவங்க ஊர்ல கிழமாடு என்ன பண்ணுது, கதைப் புத்தகம் படிக்குதா? கேளு."

"அதுக்குப் பதில் சொல்ல மாட்டேங்கறார்."

"சொல்ல மாட்டான். மூணு வேளையும் என் வீட்டுக் காஞ்ச கறியை மென்னவன்தானே! வாக்கு குடுத்தாச்சுன்னு சொல்லு. வியாபாரம் முடிஞ்சுபோச்சு."

அத்துடன் விட்டுவிடுவான் என்று நினைத்தேன். சாம்டென் உள்ளே வெந்நீர்த் தொட்டியில் காலை விட்டுக்கொண்டு முனகிக்கொண்டிருந்தான், உன் அக்கா அடுப்படியில் இருந்தாள். இந்த யோஸ்ட் முற்றத்துக்குப் போய், எங்கிருந்தோ ஒரு சிவப்புக் கம்பளித் துண்டு கிடைத்திருக்கிறது, அதைக் கோகரின் வலதுகாதில் முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அழகுக்குக் கட்டினானாம்! காதில் சிவப்புக் கட்டிய விலங்கு நம்மிடம் விடுவிக்கப்பட்ட உயிர் என்பது லாசா காற்றில் உனக்கு மறந்திருந்தால் சொல்கிறேன்: வெட்டக்கூடாது, விற்கக்கூடாது, நம் பள்ளத்தாக்கில் சுமையும் ஏற்றக்கூடாது. கட்டியவன் யார் என்ற கேள்வி கிடையாது. அவிழ்க்கிறவன்தான் பதில் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பல்மோ மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"கோகருக்கு விடுதலை குடுத்துட்டீங்களாண்ணே! உங்களுக்குள்ள இப்படி ஒரு மனசு இருக்குன்னு இத்தனை நாள் தெரியாமப் போச்சே!"

"நான் குடுக்கலைம்மா. அந்தா நிக்கிறானே நெட்டைக்கொக்கு, அவன் கட்டினான்."

"யார் கட்டினா என்ன? கட்டியாச்சு!"

கத்திய கத்தில் ஊரே கூடிவிட்டது. ஒருத்தி கொம்புக்கு வெண்ணெய் பூசினாள், ஒருத்தி அதன் விலாவில் நெற்றியை வைத்து வேண்டிக்கொண்டாள். மடத்து லாமா அந்த வழியாகப் போனவர் மணியடித்து ஒரு மந்திரமும் சொல்லிவிட்டுப் போனார். யோஸ்ட் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டான், என்ன செய்தோம் என்பதே தெரியாமல். மறுநாள் வண்டி ஏறிப் போயும்விட்டான். பழி மட்டும் எனக்கு.

தரை உறைந்தது. இஸா கயிற்றோடு வந்தார். தன் மார்க்க வழக்கப்படி தன் சொந்தக் கிண்ணத்தை எடுத்து வெந்நீர் வாங்கிக் குடித்துக்கொண்டே முற்றத்தைப் பார்த்தார்.

"என்ன கொன்போ, கிழவனுக்குக் கல்யாணமா? காதுல சிவப்பு தொங்குது?"

"வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் கட்டிட்டான், இஸா அண்ணே. அந்த முடிச்சுல என் கை படல. எந்தச் சாமி முன்னாடி வேணாலும் சொல்லுவேன்."

"உன் கை படல."

"படல."

எழுந்துபோய்த் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். "நல்ல கம்பளி. வீட்டு நெசவு மாதிரி இருக்கு. உன் வெளிநாட்டுக்காரனுக்கு நல்ல ரசனைப்பா." ஏன் அப்படிச் சிரித்தார் என்று தெரியவில்லை. பிறகு சொன்னார்: "முடிச்சு விழுந்த காதுல நான் கை வைக்க மாட்டேன். இருபது வருஷமா இங்க கறி விக்கறேன், இன்னும் இருபது வருஷம் விக்கணும். உன் வாக்குல குறையில்ல, விடு." இரண்டு ஆட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது கோகரின் ராஜ்ஜியம். பல்மோவின் முள்ளங்கி வயலில் புகுந்து மேய்கிறது, அவள் அடிப்பதற்குப் பதில் கும்பிடுகிறாள். போன வாரம் கம்பளிச் சுமை ஏற்றினேன், கோகர் இல்லாமல் மற்ற நாலும் நகர மாட்டேன் என்றன. கடைசியில் முதுகில் ஒரு நூல்கூட இல்லாமல் அது முன்னால் போக, சுமையோடு மற்றவை பின்னால் போக, ஊர்வலத்தில் போகிற பெரிய அதிகாரி மாதிரி என் யாக் போயிற்று. கிழவர் லோட்ரோ கேட்டார், "இதுவும் சும்மா நடக்குதா?"

ஆகவே பென்பா, அடுத்த வருஷம் ஐந்து கூட்டம் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாயே, ஒரு கூட்டமும் வேண்டாம், ஓர் ஆளும் வேண்டாம், இது என் கடைசி வார்த்தை. உன் வீட்டாருக்கு எங்கள் ஆசி, உன் மாமியாருக்கு மரியாதை கலந்த வணக்கம், சாம்டெனுக்கு ஒன்றுமில்லை. உங்கள் அடுப்பு அணையாமலும் கிண்ணம் காலியாகாமலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான் கொன்போ ரப்தென்.

பின்குறிப்பு: எழுதியதை உன் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "துணி எங்கேர்ந்து வந்துச்சுன்னு எழுதலையே" என்றாள். "நீங்க எழுதலைன்னா நானே தம்பிக்குப் போன்ல சொல்லிடுவேன்" என்று கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், ஆகவே எழுதுகிறேன். அது அவளுடைய இடைக்கச்சையின் நுனி. அறுத்தவன் நான். யோஸ்ட் கையில் திணித்து, காதைக் காட்டி, படத்துக்கு நன்றாக இருக்கும் என்று சைகை செய்தவனும் நான். இஸாவிடம் சொன்னது பொய்யில்லை, முடிச்சில் என் கை படவில்லை. வசந்தத்தில் அந்த ஐந்து கூட்டத்தையும் அனுப்பு. நம் கறவை யாக் யாங்சோவுக்கும் அதன் தங்கைகள் இரண்டுக்கும் பல் தேய ஆரம்பித்துவிட்டது, போகும்போது இஸா மூன்றையும் முதுகில் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நடக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, முடிச்சுப் போடத் தெரிந்தவர்களாக அனுப்பு. துணி நாங்கள் தருகிறோம். கச்சையில் இன்னும் மூன்று காதுக்கு மிச்சமிருக்கிறது.