யாரும் கேட்காத ஆல்பம்

உயிரே போனாலும் அந்தச் சின்ன அறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் துலக்கும்போதே சபதம் போட்டார். வாய் நிறைய நுரை. அதனால் சபதம் யாருக்கும் புரியவில்லை.

அவர் மனைவி கேட்டது ராஜ்ஜியம் ஒன்றுமில்லை. அவளுடைய தையல் மெஷின் பல வருஷமாகச் சமையலறைக்குப் போகிற வழியில்தான் கிடந்தது. போகிறவர் வருகிறவர் முழங்கையெல்லாம் அவள் தோளில் இடிக்கும். இப்போது ஒரு பள்ளிக்கூடத்துக்குத் திரைச்சீலை தைக்கச் சொல்லி ஆர்டர் வந்திருக்கிறது. துணியை விரிக்க இடம் வேண்டும். ஜன்னலும் வெளிச்சமும் உள்ள அறை அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

ஆனால் அங்கே ஒரு சாய்வு நாற்காலி, ஒரு டேப் ரெக்கார்டர், ஒரு ஹெட்போன், சுவர் நிறைய தொண்ணூறுகளின் ராக் கேசட்டுகள். ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினால், விளக்குப் போடுகிற நேரத்துக்குத்தான் கடைக்காரர் வெளியே வருவார். "அப்பா பாட்டு கேக்கறார், மூச்சு விடாதீங்க" என்று பிள்ளைகளை அடக்கி அடக்கியே வளர்த்தாள் அந்தப் புண்ணியவதி. ராக் பாட்டுக்காக அவ்வளவு அமைதியாக இருந்த வீடு உலகத்திலேயே அது ஒன்றுதான் இருக்கும்.

தனியாக வாதாடினால் தோற்றுவிடுவோம் என்று தெரிந்து, பக்கத்து வீட்டு பஸ் டிரைவரைத் துணைக்கு அழைத்து வந்தார். அவரும் அந்தக் காலத்தில் ராக் கேட்டுத் தலையை ஆட்டியவர்தான். இப்போது ஆட்ட முடி இல்லை.

"அண்ணே, தொண்ணூறுகள்ல எல்லாரும் தலையில தூக்கி வெச்சு ஆடினது நாலஞ்சு ஆல்பம். அந்த நெரிசல்ல மிதிபட்டுப் போன தங்கம் எத்தனை தெரியுமா?" கடைக்காரர் சாம்பல் நிற அட்டை போட்ட ஒரு கேசட்டைக் குழந்தையைப் போல எடுத்தார். "இதோ. நாலு பசங்க. ஒரே ஆல்பம். அதோட பிரிஞ்சு போயிட்டாங்க. முதல் பாட்டு இடி. ஆனா ரெண்டாவது பாட்டு இருக்கே... கிதாரை அடக்கி, டிரம்ஸைத் தடவிக் கொடுத்து... அழ வெச்சிடும்ணே! உலகம் கண்டுக்காம விட்டுடுச்சு."

"அட போய்யா. எல்லாரும் அடிச்சுப் பிடிச்சு ஏறுறதுதான் நல்ல பஸ்ஸு. காலியா ஓடுற பஸ்ஸைப் பொக்கிஷம்னா சொல்றோம்? டிப்போவுல ஓரங்கட்டிடுவோம்."

தேநீர் கொண்டுவந்த மனைவி மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, வாராவாரம் இதைத்தான் கேக்கறீங்களா?"

"பின்னே? இது இல்லாம எனக்கு ஞாயிறே விடியாது."

"அந்த ரெண்டாவது பாட்டும்?"

"அதுக்காகத்தானே இதைக் கேக்கறதே! ஒரு வாரம் விட்டதில்லை."

அவள் பஸ் டிரைவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, காதுல வாங்கிக்கிட்டீங்களா?"

"வாங்கிக்கிட்டேன் தங்கச்சி."

மறுபடி கணவரிடம், "அப்ப ஹெட்போனைக் கழட்டிட்டு எங்களுக்கும் போடுங்க. ரெண்டாவது பாட்டு முடிஞ்சதும், அறை யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க. நான் வாயே திறக்க மாட்டேன்."

கரும்பு தின்னக் கூலியா? கடைக்காரர் பொத்தானை அழுத்தினார். முதல் பாட்டில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பஸ் டிரைவரே, "பரவாயில்லையே" என்றார். கடைக்காரர் கையை உயர்த்தி, கண்ணை மூடி, "இப்ப பாருங்க..." என்றார்.

டக் என்று ஒரு சத்தம். கிதார் இல்லை. எங்கோ ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. பிறகு இளசான ஒரு பெண் குரல்.

"ஏங்க, நான்தான். பாட்டு நடுவுல வந்துட்டேன்னு கோவிச்சுக்காதீங்க. துணி தைக்கிற கம்பெனியில என்னை அளவு வெட்டுற வேலைக்குக் கூப்பிடறாங்க. நாளைக்குப் பதில் சொல்லணும். நேர்ல ஆரம்பிச்சா, 'அப்புறம் பாக்கலாம்'ங்கறீங்க. உங்களுக்கு உசிரான பாட்டுல வந்தா தப்பிக்க முடியாதுல்ல?" ஒரு சின்னச் சிரிப்பு. "கேட்டதும் கதவைத் திறந்து, 'போ'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் வெளியிலதான் நிக்கறேன்."

அதற்குப் பிறகு இரண்டாவது பாட்டின் வால் மட்டும் கொஞ்சம் ஓடியது.

கடைக்காரருக்கு உயர்த்திய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"இது... எப்ப?"

"பெரியவ கைக்குழந்தையா இருந்தப்ப. கேசட்டு விளிம்பு ஓட்டையில செல்லோடேப்பு ஒட்டினா பழைய பாட்டு மேலயே பதியலாம்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க. கடவுளே, அவர் காதுல விழணும்னு வேண்டிக்கிட்டு வெளியில நின்னேன். உள்ள தாளம் கேட்டுச்சு. ஹெட்போன்ல இருந்து டிரம்ஸ் எப்படி வெளிய வருதுன்னு யோசிச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது, குறட்டை."

பஸ் டிரைவர் சிரிக்க ஆரம்பித்தார். நண்பரின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பைத் தேநீரோடு சேர்த்து விழுங்கினார்.

"எழுப்பியிருக்கலாமே."

"வாரம் பூரா லென்ஸ் தேய்ச்ச கண்ணு. எழுப்ப மனசு வரல. சரி, அடுத்த ஞாயிறு கேப்பார்னு நினைச்சேன். அப்புறம் அதுக்கடுத்த ஞாயிறு. அதுக்குள்ள அந்த வேலைக்கு வேற ஆள் வந்தாச்சு."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கடைக்காரருக்குப் பதிலுக்குக் கத்தவாவது வசதியாக இருந்திருக்கும். ஊர் மறந்த ஆல்பம் என்று ஊரையே திட்டிக்கொண்டிருந்த மனுஷன், பெரியவள் பிறந்ததிலிருந்து முதல் பாட்டுக்கு அப்பால் ஒரு நாளும் விழித்திருந்ததில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தையோடு நின்ற பெண்ணை நினைத்தார்.

"போ" என்றார் மெல்ல.

"இப்ப எங்கங்க போக? அறையைச் சொல்லுங்க."

"உனக்குத்தான்."

பஸ் டிரைவர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கமாகப் பிடித்து மெஷினை ஜன்னலோரம் வைத்தார்கள். சாய்வு நாற்காலி வெளியே போனது. அவள் திரைச்சீலைத் துணியை விரித்தாள். தரை முழுக்க நீலமாகிவிட்டது. கேசட்டுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த கடைக்காரருக்குத் திடீரென்று ஒரு சந்தேகம்.

"இந்தாம்மா. அந்த ஒண்ணுல மட்டும்தானே பேசியிருக்கே?"

அவள் ஊசியில் நூலைக் கோத்தபடியே சொன்னாள்.

"எனக்கு எங்கங்க ஞாபகம்? இத்தனை வருஷ ஞாயிறாச்சே. ஒவ்வொண்ணா கேட்டுப் பாருங்க."